சேறு ஏறிய செடி வரைக்கும்

வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால், கல்லுமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

"தண்ணியா? ஏதோ வந்துச்சு, போச்சு" என்றாள் கருப்பம்மா.

"புல்லு நனைஞ்சுச்சு. அம்புட்டுத்தான்" என்றார் இராசையா கங்காணி.

ரெங்கம்மா ஒரு படி மேலே போனாள். "வெள்ளமா? எந்த வருசம்?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

வெள்ளம் வந்தது போன மார்கழியில். இந்தக் கேள்வி கேட்கப்பட்டது சித்திரையில். நாலு மாதத்துக்குள் ஒரு பிரிவே சேர்ந்து மறந்துபோவது சின்ன விஷயமில்லை.

கேட்டவன் வெளியாள் அல்ல. இராக்கம்மாவின் இளைய மகன் மருதமுத்து. நில அளவைக்காரரோடு அளவுத் தடி பிடிக்கிற வேலை; சாயங்காலத்தில் பதுளை டவுனில் நிலப்படம் வரையப் பழக்குகிற வகுப்பு. வகுப்பு உள்ள நாட்களில் டவுனிலேயே ஒரு நண்பனின் அறையில் படுத்துவிடுவான். அதனால் வெள்ளம் வந்த இரவில் அவன் லயத்தில் இல்லை. நாலைந்து நாள் கழித்து அவன் வந்து சேர்ந்தபோது தண்ணீர் வடிந்து, ரோட்டைச் செப்பனிட்டு, வண்டலைக்கூட ஆட்கள் மரக்கறிப் பாத்திக்கு அள்ளிப் போட்டிருந்தார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. பதுளு ஓயா ஆற்றிலும் அதில் விழுகிற ஓடைகளிலும் தண்ணீர் ஏறும் எல்லையை அளந்து வரைபடத்தில் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே புல் வளர்க்கலாம், மரக்கறி போடலாம். ஆள் குடியிருக்கிற வீடு மட்டும் கூடாது. அளவை வேலை தாஸிம் சேருடையது. பண்டாரவளைக்காரர், கேலி பேசுவார், ஆனால் கருவியில் கண்ணை வைத்துவிட்டால் மூச்சுக்கூட விடமாட்டார்.

கீழ்ப்பிரிவு மறந்துபோனதற்குக் காரணம் இந்தக் கோடுதான். தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகு, ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியேறித் தனித்தனியாக இருக்க இருபது வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பணமும் வந்துவிட்டது. தோட்டத்து நிர்வாகியான துரை காட்டிய இடம் ஓடைத் தட்டை. ஓடையோரமாக, புல் முளைத்துக் கிடந்த சமநிலம். அங்கே ஒரு தேயிலைச் செடியும் இல்லை, துரைக்கு ஒரு நட்டமும் இல்லை. வீடு கிடைக்கப்போகிறவர்களில் முதல் பெயர் இராக்கம்மா. ஒரே காம்பராவில் அவள், மூத்த மகன், மருமகள், இரண்டு பேத்திகள், மருதமுத்து. நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். தட்டை கோட்டுக்குள் போனால் வீடு போகும். பிறகு யாருக்குத்தான் வெள்ளம் ஞாபகம் வரும்?

"அடையாளம் ஒண்டும் இல்லையே தம்பி" என்றார் தாஸிம். மற்ற இடங்களில் சுவரில் கறை இருந்தது, மூங்கில் புதரில் குப்பை தொங்கியது. இங்கே தட்டையில் இருந்த ஒரே கட்டடம் கொழுந்து நிறுக்கிற மடுவம். பொங்கலுக்கு அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். "அடையாளம் இல்லாட்டி கீழ பாலத்து மட்டத்த வெச்சுக் கணக்குப் பாத்துத்தான் கோடு போடணும். அப்படிப் போட்டா தட்டை வெளியில நிக்கும். உங்கட ஆளுக்கு வீடு வரும். சந்தோஷம்தானே?"

மருதமுத்துவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தட்டைக்குக் கீழே ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே கழுத்து நெரிபட்டுத்தான் போகிறது. அங்கே தண்ணீர் தேங்கினால் மேலே எம்பியிருக்கும். பாலத்துக் கணக்குக்கு இந்தப் பாறை தெரியுமா? கேட்க வாயெடுத்தான். இத்தனை வருஷம் அளந்தவருக்குத் தெரியாதது, தடி பிடிக்கிற உனக்குத் தெரிந்துவிட்டதா என்று அவனுடைய மனமே அவனை இடித்தது. வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மாலையில் லயத்துக்கு வந்தபோது பீலியடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். வெள்ளத்துக்காக அல்ல. அரைப்பேர் போட்டு, பாதி நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்களே என்று.

"பெரியம்மா," என்று ரெங்கம்மாவிடம் மெதுவாகத் தொடங்கினான், "மார்கழியில ஒரு நாளு ஒங்களுக்கெல்லாம் அரைப்பேர் போட்டாங்களாமே?"

குடம் நிறைந்து வழிந்தது; ரெங்கம்மா கவனிக்கவில்லை. "போட்டாங்களாமேயா? அந்தக் கணக்கப்பிள்ளை கையி வெளங்குமா? கூடை நெறையக் கொழுந்து! மண்ணு இருக்கு, சேறு இருக்குன்னு பாதியக் கீழ கொட்டிட்டான்."

"சேறு இருந்துச்சுதானே பெரியம்மா?"

"எங்கடா இருந்துச்சு? என் நிரையில கீழேருந்து பதினோராவது செடி வரைக்கும்தான் சேறு. பன்னெண்டாவது செடியிலேருந்து கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு. நான் திரும்ப ஏறி எண்ணிப் பாத்துட்டுத்தான் அவன்கிட்ட சண்டைக்குப் போனேன்."

"எனக்கு ஒன்பது செடி" என்றாள் கருப்பம்மா. "ஒன்பதாவது செடியில பாம்புச்சட்டை ஒண்ணு சுத்திக் கெடந்துச்சு. அதை எடுத்துக் காட்டினா, கணக்கப்பிள்ளை பத்தடி தள்ளி ஓடுறாரு!"

பீலியடி முழுக்கச் சிரித்தது. பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி தொடங்கினார்கள். எந்த நிரை, எத்தனையாவது செடி, அதில் என்ன தொங்கியது, கணக்கப்பிள்ளை என்ன சொன்னார், அவருக்குத் தாங்கள் என்ன திருப்பிச் சொன்னார்கள். தட்டைக்கு மேலே சரிவில் இருப்பது ஓடை மலை. அவர்கள் பேச்சில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற தேயிலைக் காடு. ஒரு கோடியில் ரோடு, மறுகோடியில் கோயில் வேலி; நடுவே, தட்டை முடிகிற இடத்தில் நிரைகள் தொடங்கி நேரே மேலே ஏறும். ஒரு நிரைக்கு ஒரு ஆள். தண்ணீர் எந்தச் செடி வரை ஏறியதோ அந்தச் செடி வரை கொழுந்தில் சேறு. ஒரு மலை முழுக்க, நிரைக்கு நிரை, வெள்ளத்துக்குச் சாட்சி இருந்தது. தண்ணீரைப் பற்றிப் பொய் சொன்ன வாய்களுக்குக் கொழுந்தைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தாஸிமிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "பைத்தியக்கார யோசனையா இருந்தா விட்டுருவோம் சேர்" என்று முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டான். தாஸிம் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "தடிய எடு" என்றார்.

ரோட்டுப் பக்கத்திலிருந்து நிரை நிரையாக எண்ணி, சொன்ன செடியில் தடியை நிறுத்தி மட்டம் பார்த்தார்கள். மாலையில் தாளில் புள்ளி வைத்து இணைத்தபோது கோடு ரம்பப் பல்லாக வந்தது. ஓடை ஓடும் திசையில் மெல்ல இறங்க வேண்டிய கோடு, இடையிடையே மேட்டை நோக்கி எம்பியது.

"என்னப்பா இது?" என்றார் தாஸிம். "உங்கட தோட்டத்துத் தண்ணிக்குப் படியேறவும் தெரியுமா?"

"அவங்க மறந்திருப்பாங்க சேர்" என்றான். சொன்ன கணமே தன் மேல் வெறுப்பு வந்தது. பாம்புச்சட்டையை மறக்காதவர்கள் செடியை மறப்பார்களா? தப்பு அவர்களுடையதல்ல என்றால் தன்னுடையது. அதை நம்புவதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் ரெங்கம்மாவை மறித்தான். "பெரியம்மா, கோச்சிக்காதீங்க. பதினொண்ணுதானா? ஏழா இருக்குமோ?"

"ஏழா? கோயில் வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னு எண்ணினேன், ஏழுங்கிறான்!"

"கோயில் வேலியா? ஒங்க நிரை ரோட்டுப் பக்கம்ல?"

"அன்னைக்கு ரோடு எங்கடா இருந்துச்சு? ரோட்டுக்கு அடியில தண்ணி போற போக்கு ஒடஞ்சு, ரோட்டையே அடிச்சிக்கிட்டுப் போயிருந்துச்சு. எல்லாரும் கோயில் பக்கமா சுத்தி ஏறித்தான் மலைக்குப் போனோம். கங்காணி அங்கேருந்துதான் நிரை புடிச்சுக் குடுத்தாரு. எந்தப் பக்கம் தொடங்குனாலும் மொத நிரை எனக்குத்தான். அதை மாத்த எவனுக்கும் தைரியம் கெடையாது!"

மருதமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். மூத்த கொழுந்துக்காரிக்கு முதல் நிரை; அது தோட்டத்து வழக்கம். நுழைகிற பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். ரோட்டுப் பக்கமாகவே காலங்காலமாக நுழைந்ததால் அந்தப் பக்கம்தான் ஒன்றாம் நிரை என்று அவன் நினைத்துவிட்டான். ஒரு கொழுந்துக்காரியின் வயிற்றில் பிறந்தவன், முதல் நிரை எங்கே என்று கேட்காமலே மலையைத் தலைகீழாக அளந்திருந்தான்.

மறுபக்கத்திலிருந்து எண்ணிப் புதிதாக அளந்தார்கள். இந்த முறை புள்ளிகளை இணைக்கும்போது பென்சில் தானாகவே வழுக்கிக்கொண்டு போனது. கோடு ஓடையோடு கூடவே மெல்ல இறங்கியது. பாறை நெருக்கத்துக்கு மேலே மட்டும் தண்ணீர் தேங்கியதற்கு அடையாளமாகச் சமமாகப் படுத்திருந்தது. தாஸிம் இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தட்டை முழுக்க உள்ள போகுது மருதமுத்து. மடுவத்து ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி நிண்டிருக்கு." படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பாலத்துக் கணக்க நம்பி நான் கையெழுத்து வெச்சிருப்பேன். நல்ல வேலை செஞ்சிருக்க."

அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தான். பாதி வழியில் பெருமை பயமாக மாறியது. வாசலில் அம்மா நின்றிருந்தாள். செய்தி அவனை முந்திக்கொண்டு வந்திருந்தது.

"அரைப்பேரு கதையைக் கேட்டியே, எதுக்குக் கேட்டே?" என்றாள் இராக்கம்மா. "எங்க வாயாலேயே எங்க வீட்டை இடிச்சிட்டியேடா."

"ராத்திரில வந்த தண்ணிம்மா அது. மடுவத்து ஜன்னல் வரைக்கும் நின்னுருக்கு. சின்னவ ஒங்க இடுப்பு ஒசரம்கூட இல்ல. அங்க வீட்டைக் கட்டி, கதவைச் சாத்தித் தூங்கினா?"

"எப்பயோ ஒருக்கா வர்ற தண்ணி. எடம் இல்லாத தூக்கம் தெனமும்டா!"

"வந்த பணம் வீட்டுக்குன்னே வந்த பணம். தட்டையில கூடாதுன்னா வேற எடம் காட்டித்தான் ஆகணும்னு சேர் சொல்றாரு. ரோட்டு மலையில கெழட்டுத் தேயிலை..."

"தேயிலையப் புடுங்கிட்டு நமக்கு வீடு குடுப்பாங்களா? இந்தத் தோட்டத்துலயா? நிச்சயமா குடுப்பாங்கன்னு சொல்லு பாப்போம்."

அவன் யோசித்தான். "சொல்ல முடியாதும்மா" என்றான்.

இராக்கம்மா ரொட்டித் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அது தரையில் பட்ட சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு பீலியடியில் அவன் வந்தால் பேச்சு நின்றது. "கோட்டுத்தொரை வர்றாரு, வழி விடுங்கடி" என்றாள் கருப்பம்மா ஒருநாள், ஒருவரும் சிரிக்கவில்லை.

வைகாசியில் கச்சேரி அதிகாரி நேரில் பார்க்க வந்தார். தட்டையில் ஜீப்பு நின்றது. துரை, தாஸிம், இராசையா கங்காணி எல்லோரும் கூடினார்கள். ஓடை மலையில்தான் அன்று கொழுந்து. பெண்களை ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். தாஸிம் படத்தை விரித்து, கோடு எப்படிக் கிடைத்தது என்று சிங்களத்தில் விளக்கினார். கொழுந்து என்ற சொல் வந்ததும் துரை சிரித்துவிட்டார். நாலைந்து மாதத்துக்கு முன்னால் எடுத்த கொழுந்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள், இது இந்தப் பையன் கட்டிய கதை என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பித் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"ஒங்களுக்கு வீடு வேணுமா, வேணாமா?"

பெண்கள் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அன்னைக்கு எவ்வளவு தண்ணி வந்துச்சு? யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மருதமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவர்கள் வாய் திறக்காவிட்டால் கோடு வெறும் பென்சில் கீறல். தட்டையில் வீடு எழும்பும். அவன் தூக்கி வளர்க்கிற அண்ணன் மகள்கள் இருவரும் அந்த வீட்டில் தூங்குவார்கள். தாஸிமின் பெயரும் கெடும். எல்லாம் அவன் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது.

"பாத்தீங்களா?" துரை அதிகாரியிடம் கையை விரித்தார். அதோடு விட்டிருந்தால் அவர் வென்றிருப்பார். விடவில்லை. "எந்த நிரையில நின்னாங்கன்னுகூட இவங்களுக்குத் தெரியாது."

"தொரை." ரெங்கம்மாவின் குரல். "என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. முப்பது வருசமா மொத நிரைக்காரி. என் நிரை எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

இடுப்புப் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். தட்டையின் குறுக்கே கோயில் பக்கம் நடந்து, வேலியோர நிரையில் ஏறினாள். செடி செடியாகத் தலையைத் தொட்டு எண்ணினாள். ஓர் இடத்தில் திரும்பி, ஓடையைப் பார்த்து நின்றாள். "இது வரைக்கும்!"

ரோட்டோரத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாவதாக நகர்ந்தது இராக்கம்மா. மகனுடைய முகத்தைப் பார்க்காமலே அவனைத் தாண்டிப் போய்த் தன் நிரையில் ஏறினாள். அப்புறம் கருப்பம்மா. அப்புறம் யார் முன்னே யார் பின்னே என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓடை மலையின் அடியில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, நிரைக்கு ஒருத்தியாகப் பெண்கள் நின்றார்கள். மருதமுத்து தாளில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் முக்காடு போட்டுக்கொண்டு மலையில் நின்றது.

"கருப்பம்மா, ஒரு செடி எறங்கி நில்லேன், வீடு தட்டையிலேயே வந்துரும்" என்று யாரோ ஒருத்தி சீண்டினாள்.

"நீ எறங்கு. வெள்ளம் வந்தா ஒன்னைத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

தாஸிம் கருவியை ஊன்றினார். மருதமுத்து தடியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியிடமிருந்து அடுத்தவளிடம் நடந்தான். அதிகாரி தாமே கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். மட்டம் விரல் விரலாக இறங்கிக்கொண்டே வந்தது. அம்மாவிடம் வந்தபோது அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

"தடிய நேராப் புடிடா. சாயுது."

கடைசி நிரை முடிந்ததும் அதிகாரி ஏதோ சொன்னார். தாஸிம் மலையைப் பார்த்துத் தமிழில் கத்தினார்: "தட்டையில வீடு கட்ட ஏலாது! கோடு சரி!"

யாரும் இறங்கவில்லை.

"நெறுத்த பெறகுதானே கூடையை எறக்கணும்" என்றாள் ரெங்கம்மா மேலிருந்து. "எங்க வீடு எங்கன்னு கேளுங்க சேர். பதில் வர்ற வரைக்கும் இங்கதான் நிப்போம்."

கொழுந்து நேரம் போய்க்கொண்டிருந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். கங்காணி ஒரு காலை முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். அதிகாரியும் துரையும் ஜீப்புக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் பேசினார்கள். ரோட்டு மலைப் பக்கம் ஒரு கை நீண்டது. ஒரு தலை இல்லை என்று ஆடியது. மறுபடியும் கை நீண்டது. கடைசியில் அந்த மலையையும் அளந்து அனுப்புமாறு தாஸிமுக்கு உத்தரவு வந்தது. அவ்வளவுதான். வாக்கு என்று யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அன்று இறங்கி வந்த பெண்கள் ஏறிப்போன பெண்கள் மாதிரி நடக்கவில்லை. பீலியடியில் மருதமுத்துவுக்கு முதல் குடம் பிடிக்க வழி விட்டார்கள். "தள்ளுங்கடி, நம்ம கோட்டுத்தொரை!" இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

ஆவணியில் உத்தரவு வந்தது. ரோட்டு மலையில் கிழட்டுத் தேயிலையை அகற்றி இருபது வீடு.

செடி பிடுங்குகிற அன்று வேலை முடிந்ததும் கீழ்ப்பிரிவே அங்கே கூடியது. ஒரு கிளை ஒடிந்தால் ஏச்சு வாங்கிய கைகள்; முதல் செடியில் மண்வெட்டி போட யாருக்கும் மனம் வரவில்லை. கருப்பம்மா அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஆண்கள் சுற்றிலும் வெட்டி, கயிறு போட்டு இழுத்தார்கள். வேர் மடமடவென்று விட்டுக்கொடுத்தது. செம்மண் குழி விழுந்தது.

மருதமுத்து இருபது வீட்டுக்கும் முளை அடித்து நூல் கட்டியிருந்தான். முதல் சதுரத்துக்குள் இராக்கம்மா போனாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு மூலையைத் தேர்ந்து, அடுப்பு ஊதுகிற மாதிரி குந்தி உட்கார்ந்தாள்.

"இங்க அடுப்பு" என்றாள்.

"அப்ப புகையெல்லாம் என் வீட்டுக்கா?" பக்கத்துச் சதுரத்தில் ரெங்கம்மா குந்தினாள். "என் அடுப்பு இந்த மூலை. வாசல் ரோட்டைப் பாத்து."

அடுத்ததில் கருப்பம்மா. அதற்கடுத்ததில் இன்னொருத்தி. நூலுக்குள் நூலுக்குள் பெண்கள் உட்கார்ந்து இல்லாத அடுப்புக்காகச் சண்டை பிடித்தார்கள். பேத்திகள் சுவர் வரப்போகிற இடத்தைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள்.

அப்போது மேல் ரோட்டில் துரையின் ஜீப்பு வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் எழும்ப வேண்டும், நடப்பவர் ஒதுங்க வேண்டும். மருதமுத்து பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தான். இராக்கம்மாவும் ஜீப்பைப் பார்த்தாள். குந்திய இடத்திலிருந்து அசையாமல், இரண்டு கையாலும் செம்மண்ணைக் கூட்டி அடுப்புக்கு மேடு கட்டத் தொடங்கினாள். ஜீப்பு வேகம் குறைந்தது, பிறகு போய்விட்டது. இருபது சதுரத்திலும் ஒருத்திகூட எழும்பவில்லை.